அரக்கு என்றால் எந்த அரக்கு? – கோரல்டிராவில் சொந்த நிறம் அமைத்தல்

கல்யாணப் பத்திரிகை போட வருகிறவர் எண்ணில் நிறம் சொல்ல மாட்டார். "முகூர்த்தப் புடவை அரக்கு தம்பி. பார்டர் அதே கலர்ல வரணும்" என்பார். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழும். அந்தப் படத்திலிருந்து நிறத்தை எடுப்பது, அதை அச்சில் ஏறும்படி திருத்துவது, பெயர் வைத்துச் சேமிப்பது, அச்சகத்துக்கு ஒழுங்காக அனுப்புவது ஆகிய நான்கு வேலைகளையும் இந்த அத்தியாயத்தில் செய்து பார்க்கப் போகிறோம்.

நம் ஊர் டி.டி.பி. கடைகளில் பெரும்பாலும் கோரல்டிராதான் ஓடுகிறது. அதனால் படிகள் அதற்கே எழுதப்பட்டிருக்கின்றன. இல்லஸ்ட்ரேட்டர், போட்டோஷாப், இங்க்ஸ்கேப் வைத்திருப்பவர்களுக்கு ஆங்காங்கே ஒரு வரி வரும். பட்டன் இருக்கும் இடம்தான் மாறும், வேலை மாறாது.

வலது ஓரத்தில் இருக்கும் நிறப் பட்டையில் கண்ணுக்குப் பிடித்த கட்டத்தைச் சொடுக்கிவிட்டு வேலையை முடிப்பவர்கள் ஏராளம். ஒரே ஒரு முறை அச்சிடும் நோட்டீசுக்கு அது போதும். புடவையோடு, கடைப் பலகையோடு, போன வருடப் பத்திரிகையோடு ஒத்துப்போக வேண்டிய வேலைக்குப் போதாது.

உட்காரும் முன்

1. இந்த வேலை எங்கே பார்க்கப்படும் என்று முதலில் கேளுங்கள். ஆஃப்செட் அச்சா, ஃப்ளெக்ஸா, ஸ்க்ரீன் பிரிண்டிங்கா, ஃபோன் திரையா? நான்குக்கும் நான்கு வழி.

2. அச்சு என்றால் புதுக் கோப்பைத் திறக்கும்போதே பிரைமரி கலர் மோடு என்ற இடத்தில் சி.எம்.ஒய்.கே. தேர்ந்தெடுங்கள். திரைக்கு மட்டும் என்றால் ஆர்.ஜி.பி. பாதி வேலையில் மாற்றினால் ஏற்கெனவே போட்ட நிறங்கள் தாமாகச் சரியாகிவிடாது. ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டிவரும்.

3. கணினியில் நைட் லைட் அணைந்திருக்கிறதா பாருங்கள். மாலை ஆனதும் தானாக விழித்துக்கொண்டு திரையை மஞ்சளாக்கும் வசதி அது. இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து நீலத்தைத் திருத்துகிறவர் உண்மையில் நைட் லைட்டைத்தான் திருத்திக்கொண்டிருப்பார்.

4. மானிட்டர் மெனுவில் கலர் டெம்பரேச்சர் 6500 கே என்று இருக்கட்டும். கேம், சினிமா, விவிட் போன்ற மோடுகள் வேண்டாம். ஜன்னல் வெயில் திரையில் நேராக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. அச்சாகப் போகும் காகிதத்தில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி மேசையில் வையுங்கள். ஆஃப்செட் மை ஒளி புகும் மை. கீழே இருக்கும் காகிதத்தின் நிறம் அதில் கலந்தே தெரியும். மஞ்சள் அட்டையில் நீலம் அடித்தால் பச்சை சாயும். அதே அட்டையில் நீங்கள் வெள்ளை என்று விட்ட இடமெல்லாம் மஞ்சளாகவே நிற்கும், ஏனென்றால் நான்கு வண்ண அச்சில் வெள்ளை மை கிடையாது.

தேவையான அளவுக்கு மட்டும் கொஞ்சம் கணக்கு

ஆர்.ஜி.பி. என்பது ஒளி. மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சி.எம்.ஒய்.கே. என்பது மை. நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 100 வரை. # குறியோடு வரும் ஆறு இலக்க எண் ஆர்.ஜி.பி.யின் சுருக்கெழுத்து, அவ்வளவுதான்.

திருத்துவதற்கு உகந்தது மூன்றாவது முறையான எச்.எஸ்.பி. அதில் முதல் எண் நிறம் எது என்று சொல்கிறது: 0 சிவப்பு, 60 மஞ்சள், 120 பச்சை, 180 சியான், 240 நீலம், 300 மெஜந்தா, 360 வந்தால் மறுபடி சிவப்பு. இரண்டாவது எண் எவ்வளவு அழுத்தம் என்பது. மூன்றாவது எவ்வளவு வெளிச்சம் என்பது. நம் கண் நிறத்தை எடைபோடும் விதத்துக்கு இதுதான் கிட்டத்தில் வருகிறது. எச்.எஸ்.பி.யில் திருத்தி சி.எம்.ஒய்.கே.யில் முடிப்பது என்ற வரிசையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

படத்திலிருந்து நிறம் எடுத்தல்

1. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததா, ஃபில்டர் போட்டதா என்பது தெரியாது. புடவைமேல் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்து, பகல் வெளிச்சத்தில், நேரடி வெயில் படாத இடத்தில் எடுத்து, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். தாள் எதற்கு என்று கேட்பார்கள். படத்தில் அந்தத் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால், அது வெள்ளையாகும்வரை டெம்பரேச்சர் ஸ்லைடரை நகர்த்தினால் புடவையும் தன் நிறத்துக்கு வந்துவிடும்.

2. படத்தை கோரல்டிராவில் இறக்குங்கள். கலர் ஐட்ராப்பர் கருவியை எடுத்து, மேலே பிராப்பர்ட்டி பாரில் 5 × 5 பிக்சல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 1 × 1 வைத்தால் ஒரு நூலிழையின் மினுக்கோ, படத்தைச் சுருக்கும்போது சேர்ந்த அழுக்கோ சிக்கும். போட்டோஷாப்பிலும் ஐட்ராப்பருக்கு 5 × 5 ஆவரேஜ் உண்டு.

3. மினுங்கும் இடத்தையும் மடிப்பின் நிழலையும் விட்டுவிட்டு, நடுத்தரமாகத் தெரியும் இடத்தில் சொடுக்குங்கள். பட்டில் இது முக்கியம். பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த புடவை, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறும். மயில்கழுத்துப் புடவை ஒரு மடிப்பில் நீலமும் அடுத்த மடிப்பில் பச்சையும் காட்டும். அப்படிப்பட்ட புடவையில் நான்கைந்து இடங்களில் எடுத்து, நான்கைந்து கட்டங்களாக வரிசையாக வைத்து, "இதில் எது உங்கள் புடவை?" என்று வீட்டாரையே கேட்டுவிடுங்கள்.

4. எடுத்த நிறத்தை, பக்கத்துக்கு வெளியே வரைந்த ஒரு சதுரத்தில் ஊற்றி வையுங்கள். அதன் பெயர் 'மூலம்'. அதில் கை வைக்க வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும்.

திருத்தும் வரிசை

படத்திலிருந்து கிடைத்தது #800020 என்று வைத்துக்கொள்வோம். எச்.எஸ்.பி.யில் இது 345, 100, 50. அரக்குதான், ஆனால் கொஞ்சம் ஒயின் பக்கம் சாய்கிறது.

1. மூலச் சதுரத்தை கன்ட்ரோல் + டி அழுத்தி ஒரு பிரதி எடுங்கள். பிரதி தேர்வில் இருக்கும்போது ஷிஃப்ட் + எஃப்11 அழுத்துங்கள். நிறம் கலக்கும் பெட்டி திறக்கும்.

2. மாடல் பட்டியலில் எச்.எஸ்.பி. தேர்ந்தெடுங்கள்.

3. முதல் எண்ணை மட்டும் மாற்றுங்கள். 345ஐ 350 ஆக்கினால் #800015, ஒயின் குறைந்து சிவப்பு கூடும். 0 வரை கொண்டுபோனால் #800000, சுத்தமான மெரூன். அதையும் தாண்டி 10, 15 என்று போனால் செங்கல் நிறம் எட்டிப் பார்க்கும். எதிர்ப் பக்கம் 330க்கு இறங்கினால் வாடாமல்லி வாடை வரும். ஐந்து ஐந்தாக நகர்த்துங்கள். ஒன்றிரண்டு நகர்த்தினால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, சலிப்புதான் மிஞ்சும்.

4. நிறம் பிடித்த பிறகு வெளிச்சம். 50ஐ 60 ஆக்கிப் பாருங்கள், 45 ஆக்கிப் பாருங்கள். பெட்டியிலேயே பழைய நிறமும் புது நிறமும் அருகருகே தெரியும்.

5. கடைசியில்தான் அழுத்தம். நிறம் 0, வெளிச்சம் 60 என்ற நிலையில் அழுத்தம் 100 இருந்தால் #990000. அழுத்தத்தை 75 ஆக இறக்கினால் #992626. ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள், இரண்டாவது ஒரு முறை சலவைக்குப் போய் வந்த புடவை.

6. இங்கேதான் பலர் ஓ.கே. அழுத்திவிடுகிறார்கள். அழுத்தாதீர்கள். இப்போது ஓ.கே. கொடுத்தால் அந்த நிறம் எச்.எஸ்.பி. நிறமாகவே கோப்பில் பதியும். மாடல் பட்டியலை சி.எம்.ஒய்.கே.க்கு மாற்றுங்கள்.

7. 27, 98, 83, 41 என்பதுபோல் ஒழுங்கற்ற எண்கள் வரும். ஐந்தின் மடங்குகளாக்குங்கள். 25, 100, 80, 40. எழுதி வைக்க எளிது, ஃபோனில் சொல்லவும் எளிது. 2, 3 என்று ஒட்டிக்கொண்டிருக்கும் சில்லறை மையை 0 ஆக்கிவிடுங்கள். மஞ்சளில் ஒட்டிய 3 சதவீதச் சியான் எந்த நன்மையும் செய்யாது, மஞ்சளை மங்கலாக்கும்.

8. இப்போது ஓ.கே. கீழே ஸ்டேட்டஸ் பாரில் நீங்கள் போட்ட நான்கு எண்களும் தெரிய வேண்டும். வேறு எதாவது தெரிந்தால் ஆறாவது படிக்குத் திரும்புங்கள்.

*குறிப்பு:* சின்னத் திருத்தத்துக்குப் பெட்டியே திறக்க வேண்டாம். பொருளைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலை அழுத்தியபடி நிறப் பட்டையில் ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் அந்த நிறம் 10 சதவீதம் கலக்கும். கட்டத்தின் மேல் மவுஸை அழுத்திப் பிடித்தால் அக்கம்பக்கத்து நிறங்கள் குட்டிப் பட்டையாக விரியும். அவசரத்துக்கு இரண்டும் உதவும். ஆனால் முடிந்ததும் எண்களைச் சரிபார்த்துவிடுங்கள்.

அவர் சொல்வது ஒன்று, நீங்கள் தொட வேண்டியது ஒன்று

திருத்தம் சொல்ல வருகிறவர்களுக்கு ஐந்தாறு சொற்கள்தான் உண்டு. அவற்றுக்குப் பின்னால் எந்த மை நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

"டல்லா இருக்கு", "அழுக்கா இருக்கு": ஒரு நிறத்துக்கு அன்னியமான மூன்றாவது மை உள்ளே புகுந்திருக்கும். சிவப்புக் குடும்பத்தில் அது சியான். பச்சையில் மெஜந்தா. நீலத்தில் மஞ்சள். அதைப் பத்துப் பத்தாகக் குறையுங்கள். பிறகும் டல்லாக இருந்தால் கறுப்பைக் குறையுங்கள்.

"கண்ணைக் குத்துது": மேலே சொன்னதற்கு நேர் எதிர். அந்த அன்னிய மையை 5 அல்லது 10 சேர்த்தால் அடங்கும். கறுப்பைச் சேர்த்து அடக்க முயன்றால் நிறம் அடங்காது, கருத்துப்போகும்.

"கொஞ்சம் டார்க்கா வேணும்": அரக்கு, நீலம், பச்சைக்குக் கறுப்பு 10 சேர்க்கலாம். மஞ்சளுக்கு மட்டும் கறுப்பைக் கிட்டே விடாதீர்கள். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் பாசி பிடித்த பச்சை வரும். மஞ்சள் அடர வேண்டுமானால் மெஜந்தாவைக் கூட்டுங்கள்.

"லைட்டா வேணும்": எல்லா மையையும் ஒரே விகிதத்தில் குறையுங்கள். 25, 100, 80, 40 என்பதில் பாதி ஏறக்குறைய 12, 50, 40, 20. ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அரக்கை வெளுக்க வைத்தால் லைட் அரக்கு வராது, பழைய ரோஸ்தான் வரும். அரக்கு என்பதே அதன் அடர்த்தியில்தான் இருக்கிறது. டிரான்ஸ்பரன்சி கருவியால் வெளுக்க வைப்பது குறுக்குவழி. அடியில் வேறு நிறமோ படமோ வந்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

"நீலம் கேட்டா வயலெட் வந்திருக்கு": திரையில் நீலமாகத் தெரிந்த சி 100, எம் 100 காகிதத்தில் கத்தரிப்பூ பக்கம் போய்விடும். சியானைவிட மெஜந்தா குறைந்தது 30 குறைவாக இருக்கட்டும். சி 100, எம் 70 நல்ல நீலம்.

"ரிச்சா வேணும்": இது நிறத்தின் புகாரே அல்ல. பெரும்பாலும் பக்கத்தில் பொருள் அதிகம், காலியிடம் குறைவு, அல்லது காகிதம் மெலிசு. நிறத்தில் கை வைக்காமல் முதலில் இரண்டு பூ பார்டரை எடுத்துப் பாருங்கள்.

புடவைக்கடை நிறங்களுக்கு ஒரு தொடக்கப் பட்டியல்

கீழே உள்ளவை தொடங்குவதற்கான எண்கள் மட்டுமே. உங்கள் அச்சகம், உங்கள் காகிதம் இரண்டையும் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். வரிசை: சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு.

- அரக்கு: 25, 100, 80, 40
- மஞ்சள்கிழங்கு மஞ்சள்: 0, 20, 100, 0
- மாம்பழ மஞ்சள்: 0, 35, 100, 0
- கிளிப்பச்சை: 50, 0, 100, 0
- மயில்கழுத்து: 100, 35, 40, 15
- வாடாமல்லி: 40, 100, 0, 0
- கத்தரிப்பூ: 50, 60, 0, 0
- வெங்காயச் சருகு: 5, 45, 30, 5
- பாக்கு: 30, 70, 80, 35

வாடாமல்லியும் கிளிப்பச்சையும் திரையில் எரியும் அளவுக்குக் காகிதத்தில் எரியாது. நான்கு மைக்கு அந்தத் திறன் இல்லை. பட்டியலில் பொன் நிறம் இல்லாததற்கும் காரணம் உண்டு. சரிகையின் மினுக்கு நிறத்தால் வருவதல்ல, உலோகத்தால் வருவது. சி.எம்.ஒய்.கே.யில் எப்படிக் கலந்தாலும் கடுகு நிறமோ பழுப்போதான் கிடைக்கும். கிரேடியன்ட் போட்டு ஏமாற்றலாம், தூரத்தில் இருந்து பார்ப்பவர் நம்புவார். உண்மையான பொன் வேண்டுமென்றால் ஃபாயில். அந்த எழுத்தைத் தனிப் பக்கத்தில் கே 100 மட்டுமாக வைத்து 'ஃபாயில்' என்று எழுதிக் கொடுங்கள்.

ஒன்பது கட்டச் சோதனை

இந்தச் சோதனையை ஒரு மணி நேர வேலை என்று தள்ளிவிடாதீர்கள். ஆயிரம் பத்திரிகை அச்சாகி வந்த பிறகு நடக்கும் பேச்சோடு ஒப்பிட்டால் இது மலிவு.

1. 2 செ.மீ. சதுரங்கள் ஒன்பதை மூன்றுக்கு மூன்றாக அடுக்குங்கள். இடையில் வெள்ளை இடைவெளி விடுங்கள்.

2. நடுக் கட்டத்தில் உங்கள் நிறம்: 25, 100, 80, 40.

3. இடமிருந்து வலமாக மஞ்சள் மையை மாற்றுங்கள்: 65, 80, 95. இது ஒயினிலிருந்து செங்கல் வரை போகும் திசை.

4. மேலிருந்து கீழாகக் கறுப்பை மாற்றுங்கள்: 30, 40, 50.

5. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் அதன் நான்கு எண்களைச் சிறிய எழுத்தில் அடியுங்கள். எண் இல்லாத கட்டத்தை வாடிக்கையாளர் ஆசையாகத் தேர்ந்தெடுப்பார், அது எது என்று யாருக்கும் தெரியாது.

6. அதே இயந்திரத்தில், அதே காகிதத்தில் அச்சிடுங்கள். கடை இங்க்ஜெட்டில் எடுத்த தாள் ஆஃப்செட்டுக்குச் சாட்சி ஆகாது. ஃப்ளெக்ஸ் என்றால், வேறு யாருடைய பேனரோ ஓடும்போது ஓரத்தில் மிஞ்சும் இடத்தில் இந்தக் கட்டங்களையும் சேர்த்து ஓட்டித் தரச் சொல்லுங்கள். தினமும் போகிற கடையென்றால் மறுக்க மாட்டார்கள்.

7. மை நன்றாகக் காய்ந்த பிறகு பாருங்கள். ஆஃப்செட் மை காயக் காயப் பளபளப்பு சற்று இறங்கும். லேமினேஷன் உண்டென்றால் அதையும் போட்டே பாருங்கள். கிளாஸ் நிறத்தை ஆழமாக்கும், மேட் மங்கலாக்கும்.

8. புடவைத் துணியை அருகில் வைத்து, முதலில் வாசலில் பகல் வெளிச்சத்திலும் பிறகு உள்ளே டியூப்லைட்டிலும் ஒப்பிடுங்கள். வெளியே ஒத்துப்போன துணியும் காகிதமும் உள்ளே பிரிந்து நிற்கலாம். சாயமும் மையும் வெவ்வேறு பொருட்கள், ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்புகின்றன. மண்டபத்து விளக்கில் பார்க்கப்படும் வரவேற்புப் பலகைக்கு உள்வெளிச்சத் தீர்ப்பே முக்கியம்.

9. தேர்ந்தெடுத்த கட்டத்தின்மேல் வாடிக்கையாளரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். நம்பிக்கை இல்லாததால் அல்ல. பத்திரிகை தேர்ந்தெடுக்க வருபவர் பெண்ணின் அப்பா, வாங்கிப் போக வருபவர் சித்தப்பா.

பெயர் வைத்துச் சேமித்தல்

கோரல்டிராவில் கீழே ஒரு டாக்குமென்ட் பேலட் ஓடும். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு நிறமும் அதில் தானாகச் சேரும். சோதித்துப் பார்த்து விட்டுவிட்ட நிறங்களும் சேரும் என்பதுதான் அதன் குறை. வேலை முடிவில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

1. தேர்வான நிறத்தைப் பேலட்டில் இரட்டைச் சொடுக்குச் செய்யுங்கள். பேலட் எடிட்டர் திறக்கும்.

2. பெயரில் மூன்று விவரங்கள் இருக்கட்டும்: நிறம், எண்கள், காகிதம். 'அரக்கு 25-100-80-40 ஆர்ட் கார்டு' என்பது பெயர். 'நியூ கலர் 3' என்பது பெயரல்ல.

3. வாடிக்கையாளர் பெயரில் தனிப் பேலட்டாகச் சேமித்து, வேலைக் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலேயே ஒரு பிரதி வையுங்கள். கணினியை ஃபார்மேட் செய்யும்போது முதலில் அழிவது மென்பொருளின் உள் ஃபோல்டரில் கிடக்கும் பேலட்கள்தான்.

4. பத்து இடத்துக்குமேல் ஒரே நிறம் வருகிறதென்றால் கன்ட்ரோல் + எஃப்6 அழுத்தி கலர் ஸ்டைல்ஸ் திறந்து, அதை ஒரு ஸ்டைல் ஆக்குங்கள். பிறகு ஸ்டைலை ஒரு முறை திருத்தினால் பத்து இடமும் மாறும். இல்லஸ்ட்ரேட்டரில் ஸ்வாட்ச் பெட்டியில் குளோபல் என்பதை டிக் செய்தால் இதே வேலை நடக்கும். இங்க்ஸ்கேப்பில் அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. வேலை முழுமையாக இல்லை, அடிப்படை ஆர்.ஜி.பி.தான். அதில் வரைந்ததை வேறு மென்பொருளில் கொண்டுபோய் நிறம் போடுவதே நல்லது.

*எச்சரிக்கை:* ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் வழியாக ஒரு நிறத்தை மொத்தமாக மாற்றும் முன் கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள். அந்த நிறம் நீங்கள் நினைக்காத இடத்திலும் இருக்கும். மெரூனை மாற்றப்போய்ப் பிள்ளையார் படத்தின் வேட்டிக் கரையும் மாறியது மூன்றாவது பக்கத்தில்தான் கண்ணில் படும்.

பான்டோன் எண்ணில் நிறம் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. 1963இல் வந்த முறை அது. எண்ணுக்குப் பின்னால் சி என்றிருந்தால் பூச்சுக் காகிதம், யு என்றிருந்தால் பூச்சில்லாக் காகிதம். கோப்பில் பான்டோன் நிறம் அப்படியே கிடந்தால் அச்சகத்தில் ஐந்தாவது பிளேட் விழும், அதற்குத் தனிக் கூலி. கேட்டுக்கொண்டு வைத்திருங்கள், இல்லையேல் சி.எம்.ஒய்.கே.யாக மாற்றிவிடுங்கள். 2022 இறுதியில் அடோபி மென்பொருள்களிலிருந்து பான்டோன் தொகுப்புகளில் பெரும்பாலானவை நீக்கப்பட்டபோது, சில பழைய கோப்புகளில் அந்த நிறங்கள் கறுப்பாகத் திறந்தன. எந்த நிறப் பெயரோடும் நான்கு மை எண்களையும் சேர்த்தே எழுதி வைக்க அது போதுமான காரணம்.

அச்சகத்தில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

*சிறிய எழுத்து:* ஆர்.ஜி.பி. கறுப்பை போட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில் சி.எம்.ஒய்.கே. ஆக்கினால் 75, 68, 67, 90 வரும். நான்கு மையும் ஒரே எழுத்தின்மேல். நான்கில் ஒன்று இம்மியளவு தள்ளி விழுந்தாலும் எழுத்தைச் சுற்றி நிற விளிம்பு தெரியும். உடல் எழுத்துக்கு எப்போதும் கே 100 மட்டும்.

*இருட்டில் வெள்ளை எழுத்து:* அரக்குத் தளத்தில் சின்ன வெள்ளை எழுத்து வைத்தால் தமிழுக்கு இரட்டை ஆபத்து. ண, ழ போன்றவற்றின் சுழியும், மெய்யின் புள்ளியும் மை பரவி அடைபடும். 'கண்ணன்' என்ற பெயரில் புள்ளி போய்விட்டால் பெயரே போய்விடும். தடித்த எழுத்துரு, 10 பாயின்டுக்குக் குறையாத அளவு, தளத்தில் கூடுமானவரை குறைந்த மைகள் என்று வையுங்கள்.

*மை மொத்தம்:* நான்கு எண்களையும் கூட்டுங்கள். பூச்சுக் காகிதத்தில் 300க்குள், செய்தித்தாள் காகிதத்தில் 240க்குள் இருக்கட்டும். நம் அரக்கு 245, ஆர்ட் கார்டுக்குச் சரி. மீறினால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். பெரிய கறுப்புத் தளத்துக்கு 60, 40, 40, 100 போதும். நான்கையும் 100 வைத்தால் 400. அது வெட்டுக்குறிகளுக்கு மட்டும்.

*ஓவர்பிரிண்ட்:* கறுப்பு எழுத்துக்கு ஓவர்பிரிண்ட் கொடுத்துவிட்டு, பிறகு அதே எழுத்தை வெள்ளையாக மாற்றுவது அடிக்கடி நடக்கும். திரையில் வெள்ளை பளிச்சென்று நிற்கும். பிளேட்டில் காணாமல் போகும், ஏனென்றால் 'எதையும் வெட்டாமல் மேலே அடி' என்ற கட்டளையோடு அடிக்க மை எதுவும் இல்லை. கடைசிப் பார்வையில் வெள்ளைப் பொருட்களைத் தேர்ந்தெடுத்து ஓவர்பிரிண்ட் டிக்கை நீக்குங்கள்.

*வெயில்:* மாதக்கணக்கில் வெளியே நிற்கும் பலகையில் பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், நீலம் மிஞ்சும். கடை ஃபோன் எண்ணை வெறும் சிவப்பில் வைக்காதீர்கள்.

திரைக்கு மட்டும் என்றால்

மை மொத்தம், பிளேட் கவலை எதுவும் இல்லை. படிக்க முடிகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. இணையத்துக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. விதி, சாதாரண எழுத்துக்கும் தளத்துக்கும் இடையே 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்ற ஒளி வேறுபாடு கேட்கிறது. வெள்ளையில் #800000 ஏறக்குறைய 11 வரும். அதே அரக்குத் தளத்தில் திரை மஞ்சள் எழுத்து 10க்கு மேல். வெள்ளையில் அந்த மஞ்சள் 1.1கூட வராது. கணக்கிட நேரமில்லையென்றால் ஒரு பிரதியை எடுத்து கிரேஸ்கேல் ஆக்குங்கள். எழுத்து தளத்தில் கரைந்தால் நிறத்தை மாற்றுங்கள். பச்சைத் தளத்தில் சிவப்பு எழுத்து இந்தச் சோதனையில் அடிக்கடி விழும், சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கோ அது எழுத்தாகவே தெரியாது.

அனுப்பும்போது

1. திருத்தக்கூடிய மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பிரதியை மட்டும் சி.எம்.ஒய்.கே. ஆக்குங்கள். ஆர்.ஜி.பி.யிலிருந்து மாற்றி மறுபடி திருப்பினால் இழந்த நிறம் திரும்பி வராது.

2. பி.டி.எஃப். ஆக எடுத்து டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும், உங்கள் எண்களும் அதோடு போகும்.

3. கூடவே ஒரு செய்தி: காகிதம், லேமினேஷன், முக்கிய நிறங்களின் எண்கள், "கலர் மாத்தாம ஓட்டுங்கண்ணே" என்ற ஒரு வரி. மெஷினில் நிற்பவர் தன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி மையைக் கூட்டுவதும் குறைப்பதும் வழக்கம். கெடுதல் செய்யவேண்டும் என்று செய்வதில்லை.

4. கையெழுத்திட்ட ஒன்பது கட்டத் தாளை மெஷினுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். முதல் இருபது முப்பது தாள் ஓடியதும் நிறுத்தி, கட்டத்தோடு வைத்துப் பார்த்து, பிறகு முழு ஓட்டத்துக்குச் சம்மதம் சொல்லுங்கள்.

5. வேலை முடிந்ததும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, உறையில் போட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். அடுத்த வருடம் அதே வீட்டில் வளைகாப்பு அழைப்பிதழ் கேட்டு வருவார்கள், "போன தடவை போட்ட அதே கலர்" என்பார்கள்.